அண்ணன் அளவு

"கையை ரெண்டு பக்கமும் விரிச்சு, சுவரோட ஒட்டி நில்லுங்க சார்," என்கிறாள் பிரமிளா. நிற்கிறேன். காலை வெயில் இன்னும் இந்தச் சுவருக்கு வரவில்லை, சுண்ணாம்பின் குளிர்ச்சி சட்டையைத் தாண்டி முதுகில் இறங்குகிறது, விரித்த கைகளோடு நிற்கும்போது யாரோ வந்து சோதனை போடப்போவதைப்போல ஒரு கூச்சம், அறுபது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு முதலாளி இப்படிச் சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி நிற்கலாமா, பின்னால் புல் வெட்டும் வண்டி ஓடுகிறது, அந்தப் பச்சை வாசனை, அந்தப் பக்கம் திரும்பாமல் நான் டேப்பைப் பார்க்கிறேன். என் இடது விரல் நுனியில் டேப்பை வைத்து வலது விரல் நுனிவரை இழுக்கிறாள், அப்புறம் உச்சந்தலையிலிருந்து குதிகாலுக்கு. "உங்க உயரத்தவிட கை விரிப்பு கம்மி சார். நெஞ்சுதான் பெருசு," என்கிறாள், சாதாரணமாக, துணி அளந்தவள்போல. ராஜ வீதி டெய்லர் இந்த டேப்பை எனக்குப் போட்டதே கிடையாது. அண்ணனுக்கு மட்டும்தான் போடுவார். கழுத்து, தோள், நெஞ்சு என்று அண்ணனைச் சுற்றிவிட்டு, ஓரத்தில் நிற்கும் என்னை ஒரு பார்வை பார்த்து, "சின்னவருக்கு எடுக்க வேண்டியதில்லீங்க, அண்ணன் அளவே போதும்," என்பார். வளர்கிற வயதில் மட்டும்தான் வித்தியாசம் இருந்தது, அது நின்றபின் எப்போதும் அண்ணன் அளவு. தீபாவளிக்கு ஒரே துணியில் இரண்டு சட்டை, எது யாருடையது என்று அம்மாவே குழம்புவாள். அப்போதெல்லாம் எனக்கு அதில் பெருமைதான். தெய்வசிகாமணியின் தம்பி என்று நான் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமே வந்ததில்லை, தெருவில் நடந்தால் போதும், முதுகைப் பார்த்தே கூப்பிடுவார்கள், சிகாமணி என்று கூப்பிடுவார்கள், நான் திரும்பியதும் "அட, சென்னியப்பனா" என்பார்கள்.

பிரமிளாவுக்கு இதெல்லாம் தெரியாது. குன்னூர்க்காரி, இந்தக் கோல்ஃப் மைதானத்துக்குப் பயிற்சியாளராக வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அண்ணன் போய் நாலு வருஷம் ஆன இடத்துக்கு வந்திருக்கிறாள், அண்ணனைக் கண்ணால் கண்டதில்லை. அதனால்தான் இவளிடம் வந்தேன். என் மனைவி கலாமணி கேட்டாள், "ஏனுங்க, அங்க பழைய கோச்சுக இல்லீங்களா, உங்களயும் மாமாவையும் நல்லாத் தெரிஞ்சவங்க," என்று, அண்ணனை அவள் மாமா என்றுதான் சொல்வாள். தெரிந்தவர்கள் வேண்டாம் என்பதால்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. அண்ணனுக்குப் பிறகு நான் கிளப் மட்டையைத் தொடவே இல்லை, சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தால் டிவி, டிவி அணைந்தால் சுவர், கலாமணிதான் பொறுக்காமல், இப்படிச் சுவத்தப் பாத்துட்டே உக்காந்திருந்தா நீங்களும் அதுல ஒட்டிக்குவீங்க, எந்திரிச்சுப் போங்க என்று துரத்தினாள். வந்தேன். வந்தவன் பழைய மாதிரி ஆடவில்லை. டிவியில் பார்த்த ஒரு நெட்டையன், கொக்கு மாதிரி கால், கிளப்பைத் தலைக்கு மேலே வானத்துக்கே தூக்கி, அங்கே ஒரு கணம் நிறுத்தி, இறக்குவான். அந்த வீச்சைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். பந்து வலப்பக்கம் வளைந்து வளைந்து வேலிக்குப் போயிற்று, தோள்பட்டை கழன்றது, மணிக்கட்டு வீங்கியது, ஆனாலும் கண்ணாடியில் தெரிந்தவன் யாரோ ஒருவனாக இருந்தான், எனக்கு அது போதும், யாரோவாக இருந்தால் போதும்.

"இப்ப உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன் சார்," என்று பிரமிளா கிளப்பை எடுத்துக்கொள்கிறாள். "ஸ்விங்குன்னு ஒண்ணு கிடையாது. உடம்புக்கு ஒரு ஸ்விங். நெட்டையா, ஒல்லியா, கை நீளமா இருக்கறவங்க மேல தூக்கி வீசலாம், அவங்களுக்கு உயரந்தான் பலம். வில்லு மாதிரி வளையற உடம்பு இருக்கறவங்க மணிக்கட்ட மடக்கி சாட்டை மாதிரி சொடுக்கலாம். உங்க உடம்பு ரெண்டுமில்ல. உங்களுக்குக் கை குட்டை, நெஞ்சு அகலம். நீங்க கைய உடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டு, நெஞ்சை அப்படியே திருப்பி, படுக்கையா, சுருக்கமா வீசணும். கையால அடிக்கக்கூடாது. நெஞ்சால அடிக்கணும்." நெஞ்சால என்று சொல்லும்போது தன் கழுத்துக்குக் கீழே தட்டிக் காட்டுகிறாள். நெஞ்சால அடிக்கணும். நான் தலையாட்டுகிறேன். எங்கே தட்டினாளோ அங்கே எனக்குள் ஒன்று விரலை மடக்கிக் கொண்டு காத்திருப்பதை அவளிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. தைப்பூசத்துக்கு மருதமலைப் படி ஏறும்போதுதான் முதலில் வந்தது, வலி என்று சொல்ல முடியாது, உள்ளங்கையை வைத்து யாரோ மெதுவாக அழுத்துகிற மாதிரி, பாதிப் படியில் நின்று ஊரைப் பார்ப்பவன்போல நின்றேன், கலாமணியும் பக்கத்தில் நின்று, "எவ்வளவு தூரம் தெரியுது பாருங்க," என்றாள், தெரிந்தது, எல்லாம் தெரிந்தது, வியர்வை கண்ணில் இறங்கியது. அப்புறம் பட்டறை மாடிப்படியில். அப்புறம் ஒன்றுமில்லாமல், சும்மா, செய்தித்தாளைப் புரட்டும்போது. வாயு. ராத்திரி பருப்பு சாப்பிட்டது. வாயுதான்.

அவள் சொன்ன வீச்சு யாருடையது என்று எனக்குத் தெரியாதா. கையை ஒட்டி, சுருக்கமாக, படுக்கையாக. கதவைத் தோளால் நெட்டித் திறப்பதுபோல என்று அதைக் கிண்டல் செய்வார்கள், சிகாமணி பந்தை அடிக்கமாட்டார், முட்டித் தள்ளுவார் என்பார்கள், ஆனால் பந்து நேராகப் போகும், நூல் பிடித்த மாதிரி, தூரத்தில் யார் அடிக்கிறார்கள் என்று முகம் தெரியாத தொலைவிலும் அந்தத் திருப்பத்தைப் பார்த்து அண்ணன் என்று சொல்லிவிடலாம். நானும் அப்படித்தான் அடித்தேன். அன்றுவரை. ஐப்பசி, மழை பெய்து ஓய்ந்த காலை, புல்லெல்லாம் தண்ணீர், பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று. வரும்போது காரில் அண்ணன் பேசவில்லை, கன்னத்தைக் கையால் தேய்த்துக்கொண்டே வந்தது, இடது தாடை, பல் வலிக்கிறதா என்றேன், "வாயு சென்னி, தாடை வரைக்கும் ஏறி நிக்குது," என்றது. அப்புறம் நன்றாகவே ஆடியது. மரங்கள் கூடும் அந்தத் திருப்பத்தில் ஓர் அடி, அப்படி ஓர் அடியை நான் பார்த்ததில்லை, பந்து மேகத்துக்குக் கீழே வெள்ளையாகப் போய்க்கொண்டே இருந்தது, அண்ணன் அதைப் பார்த்தபடியே நின்று, "கொஞ்சம் தண்ணி குடு," என்றது. பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திரும்பினேன். அண்ணன் புல்லில் உட்கார்ந்திருந்தது. தொலைந்த பந்தைத் தேடுகிறவர்போல ஒரு கையை ஊன்றி, தலையைக் குனிந்து. ஈரத்தில் உட்காராதே அண்ணா என்றேன். அதுதான் நான் கடைசியாகச் சொன்னது. செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம், டாக்டர்கள் சொன்னார்கள், நீங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது, கதவு சாத்தின மாதிரி நின்னிருக்கு என்றார்கள். கதவு. தோளால் நெட்டித் திறப்பதுபோல. ஏன் கிண்டல் செய்தவர்களும் டாக்டர்களும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும்.

"சார், இங்க பாருங்க," என்று ஒரு துவாலையை என் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு இரண்டு அக்குளிலும் செருகுகிறாள். "இது கீழ விழாம வீசணும். அப்பத்தான் கை ஒட்டியே இருக்கும்." துவாலை புதுசு, சோப்பு வாசனை. துணியை இப்படி யாராவது உடம்பின்மேல் போட்டால் எனக்கு அன்றைய மத்தியானம் வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் அண்ணனின் சட்டையைக் கத்தரியால் வெட்டிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டி வேட்டி கட்டியபின், ஒரு நல்ல சட்டை எடுத்துட்டு வாங்க என்று யாரோ பெரியவர் சொல்ல, அண்ணன் அறை அலமாரிச் சாவி எங்கே என்று நங்கையைக் கேட்க முடியாமல், நங்கை என்றால் அண்ணனுடைய சம்சாரம், சுலோச்சனா, அவர் அப்போது கேட்கிற நிலையில் இல்லை, யாரோ என் அறைக்குள் போய் மடிப்புக் கலையாத என் வெள்ளைச் சட்டையை எடுத்து வந்துவிட்டார்கள். பொத்தான் எல்லாம் போட முடிந்தது. தோள் தையல் தோளில் உட்கார்ந்தது. காலர் சரியாக இருந்தது. "அளவெடுத்த மாதிரி இருக்குது," என்று கூட்டத்தில் ஒரு கிழவர் திருப்தியாகச் சொன்னார். நான் தலைமாட்டில் நின்று என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்மயானத்தில் தண்டவாளம்மேல் அது உள்ளே போனபோது எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன், ஆனால் என் கை என் சட்டைப் பொத்தான்களைத் தடவிக்கொண்டே இருந்தது, எல்லாம் இருக்கிறதா என்று. அதற்குப் பிறகு நங்கை என் முகத்தைப் பார்ப்பதில்லை. பேசுவார், பொங்கலுக்கு அவர் இப்போது இருக்கும் வீட்டுக்குப் போனால் இலை போட்டுப் பரிமாறுவார், இலையைப் பார்த்தே பேசுவார், இன்னுங் கொஞ்சம் வாங்கிக்கங்க என்று சாதத்திடம் சொல்வார். கலாமணியிடம் ஒருதரம் சொன்னாராம், "அவரு முதுகு காட்டி நின்னா எனக்குப் பகீர்ங்குது கலா. கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு." நான் எதற்குக் கோபித்துக்கொள்ளப் போகிறேன். எனக்கே பகீர் என்கிறது. ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறேன், கன்னம், மேல் உதடு, மோவாய், முழுசாகப் பார்ப்பதில்லை. இந்த ஆவணி வந்தால் அண்ணன் போன வயதை நான் தாண்ட வேண்டும். தாண்ட வேண்டும் என்றுதான் மனசு சொல்கிறது, தாண்டுவேன் என்று சொல்வதில்லை.

பட்டறையில் ஒரே அச்சில் நூறு வார்ப்பு எடுப்போம். பம்புக்குப் போகிற உடல் பாகம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல வழவழப்பாக இருக்கும். ஒன்று ஓட்டத்தில் வெடித்துவிட்டால் அறுத்துப் பார்ப்போம், உள்ளே காற்றுக் குமிழி இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும். உடனே அண்ணன் சொல்லும், அதோட சேர்த்து ஊத்தினது எல்லாத்தையும் எடுத்துவை, ஒண்ணையும் அனுப்பாதே என்று. எல்லாத்தையும் என்று சொல்லும்போது விரலால் ஒரு வட்டம் போடும். அந்த வட்டத்துக்குள்ளே நான் நிற்கிறேன். டாக்டரிடம் போகலாம். போனால் அறுத்துப் பார்த்த மாதிரி தெரிந்துவிடும். தெரியாதவரைக்கும் வாயு. தெரிந்துவிட்டால்.

"யோசிக்காதீங்க சார். உடம்பு எப்படிப் போகுதோ அப்படி விடுங்க." துவாலையை இடுக்கிக்கொண்டு நிற்கிறேன். வரிசையில் வெள்ளைப் பந்துகள். எதிரே தூரத்தில் பனைகள், அதற்கப்பால் மலை, நீலம் கலந்த சாம்பல். அந்த நெட்டையனின் வீச்சை நினைத்துக்கொள்கிறேன், மேலே தூக்கினால் துவாலை கீழே விழுகிறது. மறுபடி செருகுகிறாள். மறுபடி விழுகிறது. மூன்றாம் முறை அவள் துவாலையை எடுத்துத் தட்டி, பொறுமையாக, ஒரு குழந்தைக்கு மப்ளர் கட்டுவதுபோலச் செருகிவிட்டு ஒதுங்குகிறாள், எனக்கு வெட்கமாக இருக்கிறது, விழக்கூடாது என்று மட்டும் நினைக்கிறேன், வேறெதையும் நினைக்கவில்லை, கை தானாக விலாவோடு ஒட்டிக்கொள்கிறது, நெஞ்சு ஒரு பாரவண்டி திரும்புவதுபோல வலப்பக்கம் மெதுவாகத் திரும்பி, நின்று, திரும்பி வருகிறது. சத்தமே வேறு. டப் என்று, பூட்டு விழுந்த மாதிரி, கையில் ஓர் அதிர்வும் இல்லை. பந்து நேராகப் போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. பனைகளுக்கு நேராக, நூல் பிடித்த மாதிரி. உடம்பு முழுக்க ஒரு சுகம் பரவுகிறது, நாலு வருஷமாகக் கட்டிவைத்திருந்த மாட்டை அவிழ்த்துவிட்டதுபோல, எனக்குச் சிரிப்பு வருகிறது, நான் சிரிக்கிறேன் என்று நினைக்கிறேன், அதே நேரம் என் பிடரி மயிர் எழுந்து நிற்கிறது, ஏனென்றால் அந்தச் சத்தத்தை நான் உள்ளிருந்து கேட்கவில்லை. பக்கத்திலிருந்து கேட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்று கேட்கிற இடத்திலிருந்து.

"இதுதான் சார்! இதுதான் உங்க ஸ்விங்!" பிரமிளா கையைத் தட்டுகிறாள். "இன்னும் ரெண்டு அடிங்க, வீடியோ எடுக்கறேன்." அடிக்கிறேன். நிறுத்த முடியவில்லை. ஒவ்வொன்றும் நேராக. உள்ளங்கை ஒன்று உள்ளேயிருந்து அழுத்துகிறது, அழுத்தட்டும், இன்னொன்று, இன்னொன்று. பிறகு அவள் செல்போனை நிழலில் பிடித்து என்னருகே கொண்டுவருகிறாள். "மெதுவா ஓட்டறேன், பாருங்க." சின்னத் திரையில் ஒருவர் நிற்கிறார். முதுகு காட்டி. காது மடலுக்குப் பின்னால் நரை. பாரவண்டி திரும்புகிறது. தோள் நெட்டுகிறது. வெள்ளைப் புள்ளி திரையை விட்டுப் போகிறது. அண்ணா என்று சொல்லிவிட்டேனோ, சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்தது. திரையில் அவர் பந்தைப் பார்த்தபடியே நிற்கிறார், மெதுவாக ஓடுவதால் வெகுநேரம் நிற்கிறார், தண்ணி கேட்கப்போகிறார், நான் பாட்டிலுக்குத் திரும்பக்கூடாது, இந்தத் தடவை கண்ணை எடுக்கக்கூடாது, எடுக்காமல் பார்க்கிறேன், அவருடைய இடது கை மெல்ல, தண்ணீருக்குள் எழுவதுபோல எழுந்து தாடைக்குப் போய், தேய்க்கிறது. தேய்த்துக்கொண்டே இருக்கிறது.

"அது என்ன சார், அடிச்சு முடிச்சதும் தாடையத் தேய்க்கறீங்க? எல்லா வீடியோலயும் இருக்கு," என்கிறாள் பிரமிளா. "பல்லு வலியா?"

நான் தேய்க்கவில்லையே என்று சொல்ல வாயெடுக்கிறேன். என் கை தாடையில் இருக்கிறது. இப்போதும். நான் வைக்கவில்லை, அது இருக்கிறது. "வாயும்மா," என்கிறது என் வாய், "தாடை வரைக்கும் ஏறி நிக்குது," குரல் காரில் கேட்ட அதே குரல், நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதைக் கேட்கிறேன், கேட்டுவிட்டு அன்றைக்குப்போல வெளியே பனைமரத்தைப் பார்க்கத் திரும்புகிறேன். பிரமிளா செல்போனை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, அவளுக்கு அண்ணனைத் தெரியாது, அவள் கண்ணில் இருப்பது நான்தான், வேர்த்து நிற்கிற ஒரு தடித்த ஆள், என்னை மட்டும் யாராவது இப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று. "சார், உங்களுக்கு இப்படி வேர்க்குதே. நிஜமா என்ன பண்ணுது?" சொல்லாவிட்டால் இவள் நம்பிவிடுவாள். சரி என்று துவாலையை மடித்து வைத்துவிடுவாள். இன்னும் ஒரு கூடை பந்து அடிக்கலாம். நன்றாகத்தான் அடிக்கிறேன்.

"வலிக்குதும்மா," என்கிறேன். "தையிலிருந்து வலிக்குது. நெஞ்சுல. எங்கண்ணன் இதுலதான் போச்சு. இங்கதான் போச்சு." சொல்லிவிட்டு என்னால் நிற்க முடியவில்லை. புல்லில் உட்காரமாட்டேன், அதில் மட்டும் உட்காரமாட்டேன் என்று கிளப்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன். "பேசாதீங்க. என்மேல சாஞ்சுக்கங்க, வெயிட்டப் போடுங்க சார், பரவால்ல," என்று என் கையைத் தன் தோளில் போட்டுக்கொள்கிறாள். நிழலில் நிற்கும் அவளுடைய சின்னக் காரில் என்னைப் பின்சீட்டில் சாய்த்து, ஓட்டும்போதே ஆஸ்பத்திரிக்கும் கலாமணிக்கும் போனில் பேசுகிறாள், "சார் என்கூட பேசிட்டுத்தான் இருக்காங்க மேடம், நேரா அங்க வந்துருங்க." நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை. டெய்லரைப் பற்றிப் பேசினேன் என்று பின்னால் சொன்னாள்.

மணிக்கட்டு வழியாக நூல் மாதிரி எதையோ விட்டார்கள், திரையில் என் நெஞ்சுக்குள் இருக்கிற குழாய்களைக் காட்டினார்கள், இலை உதிர்ந்த மரம்போல இருந்தது, ஒரு கிளை நடுவில் அறுந்த மாதிரி மெலிந்திருந்தது. பார்க்கமாட்டேன் என்று இவ்வளவு நாள் ஓடியதைப் படுத்துக்கொண்டே பார்த்தேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், "நல்லவேளை, இன்னும் மூடல. திறந்து வெச்சுட்டோம்," என்றார். மறுநாள் காலை வார்டுக்கு மாற்றினார்கள். வெள்ளைப் போர்வை கழுத்துவரை. மேலே மின்விசிறி. கண்ணை மூடினால் ஏதோ ஒன்று கால்மாட்டில் வந்து நிற்கிறது, திறந்தால் இல்லை. அது போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை, என்னோடுதான் வீட்டுக்கு வரும், படியேறும், கண்ணாடிக்குள் நிற்கும். கலாமணி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள், சேலை கசங்கி. கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. யாரும் உள்ளே வரவில்லை. தலையைத் திருப்பிப் பார்க்கிறேன். நங்கை. கையில் ஒரு தூக்குவாளி. வாசற்படியிலேயே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி.

"உள்ள வாங்கக்கா," என்கிறாள் கலாமணி, கண்ணைத் தேய்த்துக்கொண்டு.

நங்கை வரவில்லை. தூக்குவாளியை மார்போடு அணைத்துக்கொள்கிறார். "கலா," என்கிறார் மெல்லிய குரலில், "அவர மொதல்ல எந்திரிச்சு உக்காரச் சொல்லு. படுத்திருந்தா என்னால பாக்க முடியாது."

கலாமணி ஓடிப்போய்க் கட்டிலடியில் இருக்கிற கைப்பிடியைச் சுற்றுகிறாள். கிறீச், கிறீச் என்று சத்தம். நான் கொஞ்சம் கொஞ்சமாக எழுகிறேன், போர்வை மார்பிலிருந்து நழுவி மடியில் விழுகிறது. காலை ஊன்றி இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். "உக்காந்துட்டேனுங்க," என்கிறேன். நங்கை தலையைத் தூக்குகிறார். இலையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. தூக்குவாளியை மேஜையில் வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்கிறார், நெற்றியிலிருந்து ஆரம்பித்து, புருவம், கண், அவசரமே இல்லாமல், தொலைத்த எதையோ தேடுகிறவர்போல. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தேடுவது கிடைத்தாலும் பயம், கிடைக்காவிட்டாலும் பயம். அவர் கண் நிறைகிறது, துடைத்துக்கொள்ளவில்லை, தலையை ஒரு பக்கம் சாய்த்து மறுபடி பார்க்கிறார்.

"உங்க மூக்கு வேறங்க," என்கிறார் நங்கை.